ஹப்புத்தளைப் பக்கத்து தியான இல்லம்: வார இறுதி முகாமுக்குப் போகலாமா?

இலங்கை மலையகத்தில் ஹப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில், ஒரு பழைய தோட்டத் துரை பங்களாவில் நடக்கிற கிறிஸ்தவ தியான இல்லம் இது. வெள்ளி பின்னேரம் போய் ஞாயிறு பகல் சாப்பாட்டோடு திரும்புகிற முகாம். நடத்துகிறவர்கள் விளம்பரம் வேண்டாம் என்றதால் பெயர் போடவில்லை, அந்தப் பக்கத்து சபைகளில் விசாரித்தால் தெரியும். ஹப்புத்தளை என்றாலே அடிசம் பங்களாதான் ஞாபகம் வரும், 1931இல் தாமஸ் வில்லியர்ஸ் துரை கட்டியது, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம், ஊரெல்லாம் போய்ப் பார்த்து ஜேம் வாங்கிக்கொண்டு வரும். இது அந்த மாதிரி இடமில்லை. சுற்றிப் பார்க்க ஒன்றுமே கிடையாது.

முகாமின் தலைப்பு ‘மறுபடியும் பிறத்தல்’, அதாவது இயேசுவை நம்பி உள்ளே புது ஆளாக மாறுவது. இதைக் கேட்டதும் ஸ்பீக்கர் அலற அலற ஜெபம், அழுகை, மேடைக்கு ஓடுவது என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் நிறையப் பேர். இங்கே இரண்டு நாளும் யோவான் சுவிசேஷத்தில் வருகிற நிக்கொதேமு என்ற ஒரே ஆளைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். மூன்றாம் அதிகாரத்தில் யாரும் பார்க்காத இராத்திரியில் இயேசுவிடம் வருகிறார், வயதான மனுஷன் எப்படி மறுபடியும் பிறப்பான் என்று கேட்கிறார், பதிலைக் கேட்டும் விளங்காமல்தான் நிற்கிறார். ஏழாம் அதிகாரத்தில் தன் சொந்தக் கூட்டமான யூதத் தலைவர்களுக்கு நடுவே, ஒருவனை விசாரிக்காமல் தீர்ப்பு சொல்லலாமா என்று கேட்டு ஏச்சு வாங்குகிறார். பத்தொன்பதில், சீஷர்களே பயந்து சிதறிப் போயிருந்த நேரத்தில், இயேசுவை அடக்கம் பண்ண வாசனைப் பொருட்களான வெள்ளைப்போளமும் கரியபோளமும் சுமந்துகொண்டு வருகிறார். இந்த ஆள் எந்த நாளில், எந்த நிமிஷத்தில் மாறினார் என்று யோவான் ஓர் இடத்திலும் எழுதவில்லை என்பதைப் பாடம் எடுத்த ஐயா திரும்பத் திரும்பக் காட்டினார், எனக்கு அதுதான் முகாமிலேயே பெரிய விஷயம். ‘எந்தத் தேதியில் இரட்சிக்கப்பட்டீர்கள்?’ என்று கேட்டே பிள்ளைகளை மிரட்டுகிற இடங்களைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று புரியும்.

நிக்கொதேமு கொண்டுவந்த அந்தச் சுமை ஏறக்குறைய நூறு இராத்தல் என்று வேதத்தில் இருக்கிறது. ரோமர்களின் இராத்தல் நம்முடையதைவிடச் சின்னது, அப்படிப் பார்த்தாலும் முப்பது கிலோவுக்கு மேல் வரும் என்று ஐயா சொன்னதும், முன்வரிசையில் இருந்த தேயிலைக் கொழுந்தெடுக்கிற அக்கா ஒருவர், “நாங்க ஒரு நாச் சம்பளத்துக்கு எடுக்கிற கொழுந்தவிடக் கூடயே, அத எல்லாரும் பாக்க எப்படிங்கய்யா தூக்கிட்டு வந்திருப்பாரு?” என்று கேட்டார். ஐயா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அக்கா கேட்டதுதான் இன்றைய பாடம்” என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

சனி பின்னேரம் லூக்கா சுவிசேஷத்தில் வருகிற, வரி வசூலிக்கிற சகேயுவின் கதை. ஏமாற்றி வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று அவர் சொன்னதை வாசித்துவிட்டு, ஆளுக்கொரு கொப்பித் தாள் தந்து, யாரிடம் என்ன சரிசெய்ய வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். யாரும் அதைக் கேட்டு வாங்கிப் பார்க்கவில்லை. ஒரு பெரியவர் எழுதத் தெரியாது என்றார். அவரைத் தனியாகக் கூப்பிட்டு எழுதிக்கொடுப்பார்கள் என்று பார்த்தால், அவரே வெளியே போய், பங்கு பிரித்ததில் பேச்சு நின்றுபோன தம்பிக்குப் போன் எடுத்தார். உள்ளே மாறிய மனசு வெளியே இப்படித்தான் வரும் என்று நான் நம்புகிறேன், அதற்கு இடம் கொடுத்ததற்காகவே இந்த முகாமைத் தாராளமாகச் சொல்லலாம்.

குறை உண்டு. சனி இராத்திரி வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் பகல் முழுக்கக் கட்டியதை ஒரு மணித்தியாலத்தில் கலைத்தார். மறுபடியும் பிறந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார், தூக்காதவர்களைப் பார்த்துக் கத்தினார். அந்த அக்கா தலையைக் குனிந்துகொண்டு இருந்ததைப் பார்க்க மனசு பொறுக்கவில்லை. பொறுப்பாளர்களிடம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார்கள், அவரை இனிக் கூப்பிடக் கூடாது என்பதே என் கருத்து.

சாப்பாடு அருமை. காலையில் சுடச்சுட ரொட்டியும் கட்டசம்பலும், பகல் சோறு, பருப்பு, ஒரு கீரைச் சுண்டல், நினைத்த நேரத்துக்குத் தேத்தண்ணி. கட்டணம் என்று எதுவும் கேட்பதில்லை, வாசலில் பெட்டி இருக்கிறது, முடிந்ததைப் போடலாம். சுடுதண்ணி வராது, கொடுக்கிற போர்வை ஹப்புத்தளைக் குளிருக்குக் காணாது, கம்பளி கொண்டு போங்கள். வயசானவர்களைக் கூட்டிப்போனால் கீழ் அறையாகக் கேட்டு வாங்குங்கள், மேல் மாடிப் படி செங்குத்து.