தொப்பியில் ஒட்டிய ரவை: ஒரு ஜோடி ஸ்பீக்கருடன் மூன்று ஆண்டுகள்

முதலில் கறையான் என்றுதான் நினைத்தோம். ஸ்பீக்கருக்கு அடியில், மொசைக் தரையில், தினமும் காலையில் மிளகுத்தூள் போல் கொஞ்சம் கறுப்புத் துகள் உதிர்ந்து கிடக்கும். பெருக்கித் தள்ளினால் மறுநாளும் கிடக்கும். முன்துணியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. கீழ்ச்சுரங்களை ஒலிக்கும் ஊஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த ஃபோம் வளையம் நைந்துபோய், தொட்ட இடமெல்லாம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பாலியூரித்தேன் ஃபோமுக்கு ஈரக்காற்றுதான் எமன். சென்னையில் அதற்குப் பஞ்சமில்லை. என்னுடையது பதினோராம் ஆண்டில் மாவாகிவிட்டது.

நகரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்து வளையத்தை மாற்றினேன். ஒட்டியவர் கூம்பை நடுவில் நிறுத்தாமல் ஒட்டிவிட்டார். கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் (வாய்ஸ் காயில்) ஒரு பக்கம் காந்தத்தில் உரசியது. சத்தம் குறைவாக வைத்தால் ஒன்றும் தெரியாது. தவில் வந்தால் தகரத்தை ஆணியால் கீறுவதுபோல் இருக்கும். மறுபடியும் தூக்கிக்கொண்டு போனேன். "பாட்டிலேயே அப்படித்தான் இருக்கிறது சார்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றைக்குத்தான் புதிதாக வாங்கிவிடுவது என்று முடிவெடுத்தேன்.

பாட்டு கேட்பதற்கென்று நான் ஒதுக்கியிருப்பது நங்கநல்லூர் வீட்டின் பின்னறை. 14 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரம். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் ஆலாபனைக்கு நடுவே வந்து போகும்; அதற்கு எந்த ஸ்பீக்கரிலும் மருந்து கிடையாது. இந்த அறைக்குள் பதினொரு ஆண்டுகளாக நெஞ்சளவு உயரத்தில் இரண்டு பெட்டிகளை நிறுத்தி வைத்திருந்தேன். மாற்றுவது என்றானதும் மனம் இன்னும் பெரியதைத்தான் தேடியது. கையில் இருந்த பணம் ஒரு சிறிய காரின் விலை. அந்தப் பணத்துக்கு எவ்வளவு பெரிய பெட்டி வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஆறு மாதத்தை வீணாக்கினேன்.

கடைகளில் கேட்ட அனுபவத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கே போனாலும் ஒரே வகைப் பதிவுகளைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள்: ஒரு பெண் குரல், ஒரு கிட்டார், எங்கோ ஒரு மணியின் ஓசை. இவற்றை எந்த நல்ல ஸ்பீக்கரும் அழகாகவே ஒலிக்கும். நான் கையோடு கொண்டுபோனவை மூன்று. எம்.டி. ராமநாதனின் கச்சேரி ஒன்று. அவ்வளவு கீழான சுருதியில் பாடிய குரலை நெஞ்சு அதிராமல், பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல் இல்லாமல் கேட்க முடிகிறதா என்று பார்க்க. ஒரு நாகஸ்வரப் பதிவு. மேல்ஸ்தாயி காதைக் குத்துகிறதா என்று பார்க்க. ஒரு மிருதங்கத் தனியாவர்த்தனம். இந்த மூன்றையும் முழுதாகக் கேட்க ஒரு மணி நேரம் ஆகும். சில கடைக்காரர்கள் பொறுமையாக விட்டார்கள்; சிலர் ஐந்து நிமிடத்தில் வந்து, அடுத்த ஸ்பீக்கரைப் போடட்டுமா என்று கேட்டார்கள்.

இதில் ஏமாறுவது எளிது. இரண்டு ஸ்பீக்கரை அடுத்தடுத்துக் கேட்கும்போது ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், காது அதைச் சத்தம் என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். என் பழைய பெட்டியின் உணர்திறன், அதாவது ஒரே வாட்டுக்கு அது தரும் சத்தம், 91 டெசிபல். கடைசியில் வாங்கியதற்கு 86. அந்த ஐந்து டெசிபலை ஈடுகட்ட ஆம்ப்ளிஃபையர் மூன்று மடங்கு வாட் கொடுக்க வேண்டும். வால்யூம் குமிழை ஒரே இடத்தில் வைத்துவிட்டு இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டால் எது வெல்லும் என்பது கேட்கும் முன்பே தெரிந்த முடிவு. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் கேட்கத் தொடங்கினேன். என் பட்டியலில் முதலிடத்தில் இருந்த ஒன்று அன்றே நான்காம் இடத்துக்குப் போனது.

கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று கெஃப் எல்எஸ்50 மெட்டா. ஊஃபரின் நடுவிலேயே மேல்சுரங்களுக்கான ட்வீட்டரை வைக்கும் யூனி-க்யூ முறை அந்த நிறுவனத்தில் 1988-லிருந்து வருவது. இரண்டு ஒலியும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், பாடகர் எங்கே, வயலின் எங்கே என்று விரல் நீட்டிக் காட்டலாம். அதை ஏறக்குறைய வாங்கியே விட்டேன். இன்னொன்று ஹார்பெத் காம்பாக்ட் 7 இஎஸ்-3. பார்க்க அறுபதுகளின் ரேடியோ போல, நீளவாக்கில் ஒரு மரப்பெட்டி. விரலால் தட்டினால் கல்போல் இருக்காது, டொக்கென்று சத்தம் வரும். இதென்ன மட்டமான பலகை என்று தோன்றும். அது தெரிந்தே செய்தது. பிபிசியின் ஆய்வுப்பிரிவில் இருந்த டட்லி ஹார்வுட் 1977-ல் தொடங்கிய நிறுவனம் இது. கனமான பெட்டி அதிர்ந்தால் அந்த அதிர்வு காது மிகக் கூர்மையாக இருக்கும் நடுச்சுரங்களில் வந்து விழும். மெல்லிய பலகைக்கு உட்புறம் அதிர்வை விழுங்கும் பூச்சு ஒட்டினால் அது கீழே இறங்கி, சீக்கிரம் அடங்கிவிடும் என்பது பிபிசிக்காரர்களின் கணக்கு.

அவர்களிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. ஸ்டூடியோவில் ஒருவரைப் பேசவிட்டு, அடுத்த அறையில் ஸ்பீக்கர் வழியே அதே குரலைக் கேட்டு ஒப்பிடுவார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. பால்கனியில் என் மனைவி செய்தித்தாள் படிப்பதை ஒரு ரெக்கார்டரில் பதிவு செய்தேன். இரண்டு கடையிலும் ஒரு வார இறுதிக்கு, முன்பணம் வாங்கிக்கொண்டு, ஸ்பீக்கரை வீட்டுக்கே கொடுத்தார்கள். பதிவைப் போட்டுவிட்டு மனைவியைப் பக்கத்தில் நிறுத்தி அதே செய்தியைப் படிக்கச் சொன்னேன். முதலில் வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள். பிறகு ஹார்பெத்தைக் கேட்டு அவளே தீர்ப்பும் சொன்னாள். "இது நான். உங்கள் பழைய பெட்டியில் இருப்பது சளி பிடித்த நான்." கெஃப்பைப் பற்றி, "இதுவும் நான்தான், ஆனால் தூரத்தில் நிற்கிறேன்" என்றாள். எம்.டி.ஆரின் குரலுக்கும் எனக்கு அப்படியேதான் பட்டது. ஹார்பெத்தை வாங்கினேன்.

வீட்டில் நிரந்தரமாக வைத்த முதல் வாரம் பெரிய ஏமாற்றம். வார இறுதிச் சோதனையில் குரலையே கவனித்ததால் மிருதங்கத்தைக் கோட்டைவிட்டிருந்தேன். இடந்தலையில் எங்கே தட்டினாலும் ஒரே 'கும்'. பழைய பெட்டியிலும் அப்படித்தான் கேட்டது; அது பெட்டியின் குற்றம் என்று பதினொரு ஆண்டுகளாகத் திட்டிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அறையை அளந்தேன். ஒலியின் வேகத்தை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அறை தானாகவே முனகும் சுரம் கிடைக்கும். என் அறைக்கு நீளவாக்கில் சுமார் 40 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 51, உயரத்தில் 56. அவற்றின் இரட்டிப்பில், அதாவது 80-இலும் 102-இலும் 112-இலும் இன்னொரு முனகல். இடந்தலையின் நாதம் போய் விழுவதும் ஏறக்குறைய அந்த வட்டாரத்தில்தான். நானோ பின்சுவரில் முதுகை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். சுவரோரம் என்பது அந்தச் சுவருக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையிலான முனகல்கள் உச்சத்தில் இருக்கும் இடம்.

நாற்காலியை இரண்டரை அடி முன்னால் இழுத்தேன். ஸ்பீக்கரை முன்சுவரிலிருந்து இரண்டடி தள்ளினேன். தரையில் பவானி ஜமக்காளம் விரித்தேன். கைதட்டினால் கேட்ட கலகலப்பு அடங்கியது. ஆனால் ஜமக்காளம் கீழ்ச்சுரத்தை ஒன்றும் செய்யாது, அது வழியே யானை போகும். அதற்குப் பரணில் கிடந்த நான்கு இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிறுத்தினேன். அழகுக்கு ஒன்றுமில்லை, விருந்தாளிகள் வீடு மாற்றுகிறோமா என்று கேட்கிறார்கள். ஆனாலும் இத்தனை லட்சம் செலவில் எனக்கு மிக அதிகமாகப் பலன் தந்தது காசில்லாமல் நகர்த்திய அந்த நாற்காலிதான்.

பக்கத்துத் தெருவில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரை அழைத்துத் தனியாவர்த்தனத்தைப் போட்டேன். கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் கையை நிறுத்தி, திரும்பப் போடச் சொன்னார். கும்கி. இடந்தலையில் அடித்த கையை அழுத்தி நகர்த்தும்போது நாதம் கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போகும். இதுவரை எனக்கு அது ஒரு பருத்த ஓசையாக மட்டுமே கேட்டிருந்தது. இப்போது அது கிளம்பும் இடமும் போய்ச் சேரும் இடமும் தனித்தனியாகத் தெரிந்தன. "இப்போதுதான் தொப்பியில் ரவை ஒட்டியிருப்பது தெரிகிறது, தம்பி" என்றார். தொப்பி என்பது இடந்தலைதான்; அதன் நடுவில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள்.

மூன்று ஆண்டு முடிந்துவிட்டது. ஊஃபரின் விளிம்பு ரப்பர் என்பதால் இதுவரை தூள் உதிரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் ஒயர் மாட்டும் பின்பக்க முனைகளில் லேசாகப் பாசி நிறம் ஏறுகிறது. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போய்விடும். முன்துணிச் சட்டம் பள்ளத்தில் இறுக்கமாகப் பதிந்திருக்கும், கழற்றுவது கடினம். கழற்றவும் வேண்டாம், துணியோடு கேட்கும்படிதான் அமைத்திருக்கிறார்கள். ஸ்டாண்டை மட்டும் இங்கேயே வெல்டிங் பட்டறையில் செய்துகொண்டேன். ட்வீட்டர் காதுக்கு நேராக வரும் உயரம், இரும்புக் குழாய்க்குள் சலித்து உலர்த்திய ஆற்றுமணல். ஒயரும் கடையில் கிடைக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பிதான். அதற்குமேல் செலவழிப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, காது அவர்களுடையது.

நூறு மணி நேரம் ஓடினால் ஒலி திறக்கும் என்று சொல்வார்கள். எனக்கென்னவோ ஸ்பீக்கரைவிடக் காதுதான் பழகியது என்று தோன்றுகிறது.

குறை என்றால், இது கல்யாண மண்டபத்துச் சத்தம் போடும் பெட்டி அல்ல. 46 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. சினிமாவில் கட்டடம் இடிந்து விழுந்தால் என் மகனுக்குப் போதவில்லை. அவனுக்காக ஒரு சப்ஊஃபரை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தோம். அறையின் 40 ஹெர்ட்ஸ் முனகல் மீண்டும் எழுந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எனக்கு இதில் வருத்தமில்லை. இரவு பத்து மணிக்குமேல், பக்கத்து வீட்டுக்குக் கேட்காத அளவில் வைத்தாலும் தம்புராவின் ஜீவா என்னும் ரீங்காரம் அறுந்துபோகாமல் வருகிறது. நான் கேட்பதில் பாதி அந்த நேரத்தில்தான்.

பழைய பெட்டிகள் இரண்டும் மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன. அந்த ஊஃபருக்குப் பொருந்தும் வளையமும், கூம்பை நடுவில் நிறுத்தி ஒட்டத் தெரிந்த கையும் கிடைத்தால், சரிசெய்து மகனின் அறைக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறேன். அவனுடைய அறை பத்துக்குப் பத்து. நாற்காலி எங்கே போடுவது என்று இப்போதே தகராறு.