சர்ச் கன்சோலில் பேக்லிங்க் பார்ப்பது: சிறு கடைத் தளங்களுக்கான நீண்ட நாள் அனுபவம்

மாசி வீதிச் சுங்குடிக் கடை, ரயில் நிலையம் பக்கத்து லாட்ஜ் மாதிரியான மதுரைத் தளங்களுக்குப் பேக்லிங்க் (வேறு தளங்கள் நம் தளத்துக்குக் கொடுக்கும் இணைப்பு) கணக்குப் பார்க்கப் பணம் கட்டும் கருவி அவசியமில்லை. நம் தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோல் போதும். அது எதைக் காட்டாது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

'லிங்க்ஸ்' அறிக்கை தருவது மாதிரிப் பட்டியல்தான், முழுப் பட்டியல் அல்ல. நோஃபாலோ லிங்க்கையும் (மதிப்பைக் கடத்த வேண்டாம் என்று கூகுளுக்குச் சொல்லும் லிங்க்) சாதாரண லிங்க்கையும் அது பிரித்துக் காட்டாது. இணைப்புக் கொடுத்த பக்கத்தைத் திறந்து, சோர்ஸ் கோடில் அந்த லிங்க்கின் 'ரெல்' என்ற இடத்தில் 'நோஃபாலோ' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த எண்ணிக்கையைப் பார்த்து மகிழவும் வேண்டாம். ஒரே தளம் தன் எல்லாப் பக்கங்களின் அடியிலும் உங்கள் பெயரைப் போட்டிருந்தால் அதுவே ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். எத்தனை தனித்தனித் தளங்கள் என்பதே கணக்கு.

அதிகப் பலன் தருவது, இருந்த லிங்க்கை மீட்பது. புதிய டிசைன் போடும்போது பழைய முகவரிகள் செத்துப்போகும். அவற்றுக்கு வந்த லிங்க்கின் மதிப்பும் கூடவே போகும். இதை 'லிங்க்ஸ்' அறிக்கையில் தேட வேண்டாம். 'பேஜஸ்' அறிக்கையில் 404 (பக்கம் இல்லை என்ற பிழை) பட்டியலைத் திறந்து, ஒவ்வொரு முகவரியையும் 'இன்ஸ்பெக்ட்' செய்தால், 'ரெஃபரிங் பேஜ்' என்ற இடத்தில் பல நேரம் லிங்க் கொடுத்த பக்கம் தெரியும். பழைய முகவரியிலிருந்து அதே பொருளுள்ள புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பல்) போட வேண்டும். சோம்பல்பட்டு எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பினால், கூகுள் அதை 'சாஃப்ட் 404', அதாவது பக்கம் இல்லாததற்குச் சமம், என்றே எடுத்துக்கொள்ளும், வேலை வீண்.

தமிழ் எழுத்தில் முகவரி வைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. 'மதுரை' என்ற ஒரே சொல், காப்பி செய்து ஒட்டும்போது %E0 மாதிரியான குறியீடுகளாக மாறி 45 குறிகளாக நீளும். பாதியில் அறுந்த லிங்க்கும் 404தான். சின்ன ஆங்கில முகவரியே பாதுகாப்பு.

அடுத்தது, லிங்க் வரும்படியான பக்கம். சித்திரைத் திருவிழாவுக்கு எந்தத் தெரு அடைப்பு, வண்டியை எங்கே நிறுத்தலாம், எதிர்சேவை பார்க்க எங்கே நிற்கலாம் என்று ஒரு லாட்ஜ் தெளிவாக எழுதினால், பயணக் கட்டுரை எழுதுபவர்கள் தாமாகவே இணைப்பார்கள். முகவரியில் ஆண்டைச் சேர்க்கவே கூடாது. ஒவ்வொரு சித்திரைக்கும் புதுப் பக்கம் போட்டால் லிங்க்குகள் சிதறும். அதே பக்கத்தைத் திருத்திக்கொண்டே வந்தால் ஒரே இடத்தில் சேரும். சுங்குடிக் கடைக்கு முடிச்சுப் போடும் முறையையும் சாயம் போகாமல் துவைப்பதையும் படத்தோடு விளக்கும் பக்கம் அப்படி நிற்கும்.

டைரக்டரி (கடைகளை வரிசையாகப் பட்டியலிடும் தளம்) லிங்க் ஏன் பலவீனம்? 1998இல் வெளியான, லிங்க்கை வைத்துப் பக்கத்தின் மதிப்பைக் கணக்கிடும் கூகுளின் பேஜ்ரேங்க் முறைப்படி, ஒரு பக்கத்தின் மதிப்பு அதிலிருந்து வெளியே போகும் லிங்க்குகளுக்குப் பங்காகிறது. 300 கடைகள் உள்ள பக்கத்தில் உங்களுக்குக் கிடைப்பது 300இல் ஒரு பங்கு. இன்றைய கணக்கு அதைவிடச் சிக்கலானது என்றாலும், அடிப்படை புரிய இது போதும்.

மொத்தமாக விலைக்கு வரும் லிங்க் வேண்டவே வேண்டாம். 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின் என்ற கூகுள் தேடல் மாற்றம் அப்படிப்பட்ட தளங்களைக் கீழே தள்ளியது. 2016 செப்டம்பரில் வந்த நான்காம் பதிப்பு முதல் பெரும்பாலும் அந்த லிங்க்குகளையே மதிப்பில்லாமல் ஆக்கிவிடுகிறது. போவது காசு. அளவு மீறினால் 'மேனுவல் ஆக்‌ஷன்', அதாவது கூகுள் ஊழியர் பார்த்து எடுக்கும் தண்டனை நடவடிக்கை, வரும். வெளி லிங்க் வைத்த சொற்கள் எல்லாம் கடைப்பெயரை விட்டு 'மதுரை சுங்குடி சேலை விலை' என்றே இருந்தால், அது தானாக வந்ததல்ல என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

குறிப்பிட்ட லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸ்அவோ கருவியைத் தொடுவது அந்த நடவடிக்கை வந்தாலோ, வருமளவுக்கு லிங்க் வாங்கியிருந்தாலோ மட்டும். யாரோ ஒட்டிய குப்பை லிங்க்கைக் கண்டு பயந்து பெரிய பட்டியல் ஏற்றுபவர்கள், நல்ல தளத்தையும் அதில் சேர்த்துத் தேடலில் தங்கள் இடத்தைத் தாங்களே இழக்கிறார்கள்.

301 போட்டதும் மறுநாளே தேடலில் இடம் ஏறாது. கூகுள் பழைய முகவரியை மறுபடி வந்து பார்க்கச் சில வாரம் பிடிக்கலாம். குறைந்தது ஓராண்டு ரீடைரக்ட்டை எடுக்காதீர்கள். ஹோஸ்டிங் (தளம் இருக்கும் சர்வர்) மாற்றும்போது அந்த ரீடைரக்ட் வரிகளும் கூடவே போக வேண்டும்.