பிச்சாவரமா, சுண்ணாம்பாறா, ஊசுட்டேரியா?

புதுச்சேரியில் கடற்கரைச் சாலையும் வெள்ளைக்கார வீதிகளும் சுற்றி முடித்தவர்களுக்கு ஒரு நாள் மிச்சமிருந்தால், தண்ணீரும் பச்சையுமாக எங்கே போகலாம் என்று கேட்பார்கள். மூன்று பெயர்கள் வரும். மூன்றிலும் தண்ணீர் உண்டு, ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

பக்கத்தில் இருப்பது சுண்ணாம்பாறு. கடலூர் சாலையில் 8 கிலோமீட்டர் போனால் படகுத்துறை. அங்கிருந்து மோட்டார் படகில் ஏறினால், ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டில் இறக்கிவிடுவார்கள். அதைத்தான் பாரடைஸ் பீச் என்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இதுவே வசதி: பயணம் குறைவு, மணல் சுத்தம், சாப்பாட்டுக்கும் வழி உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனால் படகுக்கு வரிசையில் நிற்பதிலேயே பாதி வெயிலைக் குடித்துவிடுவோம். அலை இழுக்கும் கடல் அது, முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டாம். இயற்கையைப் பார்க்கிறோம் என்ற எண்ணத்தோடு போகிறவருக்கு இங்கே கிடைப்பது கொஞ்சம்தான்.

ஊசுட்டேரி மேற்கே, ஊரிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். பாதி புதுச்சேரி, பாதி தமிழ்நாடு. புதுச்சேரிப் பக்கம் 2008லும் தமிழ்நாட்டுப் பக்கம் 2014லும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. செஞ்சி ஆறு என்கிற சங்கராபரணியிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. அதே ஆறுதான் கீழே பிரிந்து சுண்ணாம்பாறாகக் கடலில் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை கரைமேல் நடந்தால் நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை எல்லாம் காணக் கிடைக்கும். பைனாகுலர் இல்லாவிட்டால் பாதி பறவை புள்ளியாகத்தான் தெரியும். கோடையில் போனால் ஏமாற்றமே. கரையில் பாட்டுப் போட்டு அலறவிடுவதையும், தண்ணீர் பாட்டிலை எறிந்துவிட்டுப் போவதையும் பார்க்கும்போது வயிறு எரிகிறது. புதுச்சேரியிலேயே பெரிய ஏரி இது, பறவைகள் நம்பி வரும் இடம்.

அப்புறம் பிச்சாவரம். தூரம்தான் இதன் குறை. சிதம்பரம் போய், அங்கிருந்து கிள்ளை வழியாக இன்னும் 15 கிலோமீட்டர். போக வர ஒரு நாள் போய்விடும். போகட்டும். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் இந்த அலையாத்திக் காட்டை 2022ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

இங்கே மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகு எடுங்கள். அகலமான கால்வாயோடு மோட்டார் படகு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் கிளைகள் தலைக்கு மேல் பின்னிக்கிடக்கும் குறுகிய ஓடைகளுக்குள் நுழையும். ஓரம் முழுக்கச் சுரபுன்னை, தண்டிலிருந்தே வேர்களை வளைத்துச் சேற்றில் ஊன்றி நிற்கும். அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல நீளமாகத் தொங்கும். விழும்போது நாற்றாகவே விழுகிறது, சேறு கிடைத்த இடத்தில் வேர் பிடித்துக்கொள்கிறது. அதற்குப் பின்னால் கண்டல் மரங்கள். அவற்றின் வேர்கள் காற்றுக்காகச் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருக்கும்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இங்கே உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, எனவே கிளைகளை ஒடிக்காதீர்கள். 2004 சுனாமியில் இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த குப்பங்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலூர்க் கரையின் மற்ற ஊர்கள் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த மரங்களின் அருமை தெரியும்.

ஒரு நாள்தான் என்றால் என் தேர்வு பிச்சாவரம், சந்தேகமே இல்லை. அரை நாள்தான், அதுவும் குளிர்காலம் என்றால் ஊசுட்டேரி. பிள்ளைகள் மணலில் விளையாட வேண்டும் என்று அடம்பிடித்தால் சுண்ணாம்பாறு. பிச்சாவரத்துக்குப் போகிறவர்கள் விடியும் முன்பே புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, காலைப் படகைப் பிடித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் திறந்த கால்வாயில் வெயில் சுட்டெரிக்கும், தொப்பியும் குடிதண்ணீரும் கையில் இருக்கட்டும்.