குடித்தனக்காரர் காலி பண்ணதும் கூப்பிட்ட ரிப்பேர் டீம், 5க்கு 3.5

மடிப்பாக்கத்துல எங்க மாடி போர்ஷன்ல ரெண்டு வருஷமா இருந்த ஃபேமிலி போன மாசம் காலி பண்ணாங்க. சாவிய வாங்கிட்டு உள்ள போய்ப் பாத்தா வாஷ் பேசின் ஓரத்துல முடி மாதிரி ஒரு விரிசல், அதுல எம்சீல அப்பி மேல சோப்பு டப்பாவ வச்சு மறைச்சிருக்காங்க. சிங்க்ல தண்ணி இறங்கல, ரெண்டு ஸ்விட்ச் உடைஞ்சிருக்கு, கப்போர்டு பூட்டு ஆடுது, ஹால் சுவர் பூரா குழந்தை கிறுக்கல்.

ஏரியாவுலயே இருக்கற ஒரு மெயின்டனன்ஸ் டீம கூப்பிட்டேன், பேர் வேணாம். ஒரு பையன் வந்து ரூம் ரூமா போட்டோ எடுத்து அன்னைக்கு ராத்திரியே வாட்ஸ்அப்ல எஸ்டிமேட் அனுப்பிட்டான், அதுல எது ஓனர் கணக்கு எது டெனன்ட் கணக்குன்னு தனித்தனியா பிரிச்சு போட்டிருந்தது, நான் இவங்கள பத்தி எழுதறதே அதுக்காகத்தான். ஆனா 18,000 ரூபா பெயின்டிங்கையும் டெனன்ட் தலையில கட்டிட்டான். தம்பி, 2017 வாடகை சட்டத்துல அட்டவணை இருக்கு பாரு, வெள்ளையடிக்கறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட், பைப் மாத்தறது, வயரிங் எல்லாம் ஓனர் செலவு, டேப், வாஷ் பேசின், கீசர், ஸ்விட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி இதெல்லாம்தான் குடியிருக்கறவங்க பாத்துக்கணும்னு சொன்னேன். "எல்லா ஓனரும் அட்வான்ஸ்லதான் சார் கழிக்கறாங்க"ன்னான். கழிப்பாங்க, அதுக்காக?

அதவிட ஒண்ணு. பாத்ரூம் சுவத்துல ஓதம், குடியிருந்தவங்க தண்ணிய அடிச்சு அடிச்சு ஊத்தித்தான் அப்படி ஆச்சுன்னு ஆறு மாசமா சொல்லிட்டிருந்தேன். பிளம்பர் ரெண்டு டைல்ஸ பேத்து காட்டினாரு, உள்ள எங்கப்பா காலத்து ஜி.ஐ. இரும்பு பைப், துருப்பிடிச்சு ஓட்டை. பேசாம என் கணக்குல எழுதிக்கிட்டேன்.

கடைசியா அவங்க பங்குக்கு வந்தது பேசின் 2,800, சிங்க் அடைப்பு 600 (உள்ளயிருந்து ஒரு குட்டி ஸ்பூனும் வந்துச்சு), ஸ்விட்ச் 750, பூட்டு 350, ஆக 4,500. மூணு மாச அட்வான்ஸ் 42,000ல கழிச்சு 37,500 ஜிபே பண்ணி, பில்லையும் போட்டோவையும் சேத்தே அனுப்பினேன். ஒரு மாசத்துக்குள்ள திருப்பித் தரணும்னு சட்டத்துலயே இருக்கு, எனக்கு பதினஞ்சு நாள்ல முடிஞ்சிருச்சு. "ஓகே அங்கிள், தேங்க்ஸ்"னு ஒரு மெசேஜ், சண்டையே இல்ல.

ஒன்றரை மார்க் ஏன் போச்சுன்னா, காலைல வர்றேன்னு சொன்ன பிளம்பர் ரெண்டு நாள் கழிச்சு சாயங்காலம் வந்தாரு, பேத்த டைல்ஸுக்கு மாத்தி ஒட்டினது ஷேடு தனியா தெரியுது, புது பேசின் அடியில மறுநாளே சொட்ட ஆரம்பிச்சிருச்சு. போன் போட்டதும் காசு வாங்காம வந்து டைட் பண்ணிட்டாங்க, அத சொல்லணும். கப்போர்டு பூட்டுக்கு ரெண்டாவது சாவி மட்டும் இன்னும் வரல.