மண்டபத்துக்கு பிளானிங் எடுத்துத் தருகிறேன் என்று வருபவர்கள் – எச்சரிக்கை

இங்கிலாந்தில் தமிழ்ப் பாடசாலைக்கோ சங்கத்துக்கோ கோயிலுக்கோ இடம் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் வாசியுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டிருப்பதால் ஆளின் பெயரை எழுதவில்லை. அவர் வேலை செய்யும் விதத்தை எழுதுகிறேன், அதை வைத்தே பலர் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எங்கள் சனிக்கிழமைப் பாடசாலைக்கு தொழிற்பேட்டை ஓரமாக ஒரு பழைய களஞ்சியம் லீசுக்கு வந்தது. பி8 வகைக் கட்டடம், அதாவது பொருட்களைச் சேமிக்கத்தான் அனுமதி உண்டு. பிள்ளைகளுக்கு வகுப்பு வைப்பதென்றால் கவுன்சிலிடம் பயன்பாட்டு மாற்ற அனுமதி எடுக்க வேண்டும், இதைத்தான் நாங்கள் பிளானிங் என்கிறோம். அப்போதுதான் தெரிந்தவர் மூலமாக இந்த "பிளானிங் ஆலோசகர்" வந்தார். கொஞ்ச நாளில் கவுன்சில் இலச்சினையோடு ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். "அண்ணை, இனி ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, கவுன்சில் ஓம் எண்டிட்டுது. லீசைப் போடுங்கோ, இல்லாட்டி வேற ஆக்கள் எடுத்துப்போடுவினம்."

அவர் காட்டியது முதல் பக்கம் மட்டும். அது விண்ணப்பத்துக்கு முன்னர் கட்டணம் கட்டிக் கேட்கும் ஆலோசனைக் கடிதம். அதில் அதிகாரி எதைச் சொன்னாலும் அது பின்னர் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது. "கொள்கையளவில் பரிசீலிக்கலாம்" என்ற வரி முதல் பக்கத்தில் இருந்தது. வாகனத் தரிப்பிடம், போக்குவரத்து, சத்தம் பற்றிய அறிக்கைகள் இல்லாமல் அனுமதி கிடைப்பது கடினம் என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கம் எங்கள் கைக்கு வந்தது, கடைசியில் விண்ணப்பம் மறுக்கப்பட்ட பிறகுதான். எங்கள் சங்கம் கம்பனியாகப் பதியப்படாதது, ஆகவே லீஸ் நிர்வாகிகளின் சொந்தப் பெயர்களில்தான் எழுதப்பட்டது. பிளானிங் கிடைத்தால் மட்டுமே லீஸ் நடைமுறைக்கு வரும் என்று ஒரு நிபந்தனை போடலாம், அது வழக்கமானதுதான். அதைப் போட்டால் கட்டடச் சொந்தக்காரன் கோபிப்பான் என்று தடுத்தவரும் இவரே.

விண்ணப்பப் படிவத்தில் முகவர் என்று ஒருவரின் பெயர் இருந்தால் கவுன்சில் அவரோடுதான் கதைக்கும். அதிகாரி அந்த அறிக்கைகளைக் கேட்டு எழுதிய மின்னஞ்சல்கள் எல்லாம் இவருக்குப் போயின, எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. இப்படியான சிறிய விண்ணப்பத்துக்கு 8 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி. அது தாண்டியபோது கேட்டால், "கவுன்சிலில ஆக்கள் காணாது, இழுபடுது" என்றார். உண்மையில் கால நீடிப்புக்கு எங்கள் சார்பில் சம்மதம் எழுதிக் கொடுத்தவர் அவர்.

விண்ணப்பத்தோடு அவர் போட்ட விளக்க அறிக்கையைப் பிறகு கவுன்சிலின் பதிவேட்டில் திறந்து பார்த்தோம். எங்கள் கட்டடத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ரயில் நிலையம் இருக்கிறதாம். எங்கள் ஊரில் ரயில் நிலையமே இல்லை! வேறு எவருக்கோ செய்ததை அப்படியே வெட்டி ஒட்டியிருக்கிறார். அதைவிட மோசம், பயன்பாடு என்ற இடத்தில் "நிகழ்வு மற்றும் விருந்து மண்டபம், நள்ளிரவு வரை" என்று இருந்தது. 2020 செப்டம்பரில் கட்டடப் பயன்பாட்டு வகைகள் மாறிய பிறகு கல்விக்கு எஃப்1 வகை, உள்ளூர் மக்கள் கூடும் மண்டபத்துக்கு எஃப்2 வகை. கல்யாண விருந்து மண்டபத்தை இந்த இரண்டிலும் சேர்க்கமாட்டார்கள், அதைத் தனி ரகமாகத்தான் பார்ப்பார்கள். அயலவர்கள் அதை வாசித்துவிட்டு எதிர்ப்பு எழுதியதில் என்ன பிழை? நானாக இருந்தாலும் எழுதியிருப்பேன். சனிக்கிழமை காலையில் அ, ஆ படிக்க வரும் பிள்ளைகளைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

நடுவில், விண்ணப்பம் கவுன்சிலர்கள் கூடி முடிவெடுக்கும் கமிட்டிக்குப் போனால் கவுன்சிலர் ஒருவரை "கவனிக்க" வேண்டும் என்று தனியாகக் காசும் கேட்டார். இதை யாராவது உங்களிடம் கேட்டால் அந்த நிமிடமே எழும்பி வந்துவிடுங்கள். அது குற்றம், அதோடு பொய்யும்கூட. எங்கள் விண்ணப்பம் கமிட்டிப் பக்கமே போகவில்லை. பெரும்பாலான விண்ணப்பங்களைப் போல அதிகாரி மட்டத்திலேயே முடிந்தது. கமிட்டிக்கு எடுக்க வேண்டுமென்றால் வட்டாரக் கவுன்சிலர் காரணம் காட்டி, குறித்த காலத்துக்குள் கோரலாம். அதற்கு ஒரு சதமும் தேவையில்லை.

மறுப்பு வந்ததும் அடுத்த கதை: "திரும்பப் போடுவம், ரெண்டாவது தரம் இலவசம்." அந்தச் சலுகையை 2023 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதுவும் சரிவராதபோது, "பேசாமல் வகுப்பைத் தொடங்குங்கோ, நாலு வருஷம் போனால் கவுன்சில் ஒண்டும் செய்யேலாது" என்றார். களஞ்சியத்தைப் பாடசாலையாக்கும் மாற்றத்துக்கு நாலு வருட விதி ஒருபோதும் இருந்ததில்லை, பத்து வருடம்தான். 2024 ஏப்ரலிலிருந்து மற்ற மீறல்களுக்கும் பத்துதான். அமலாக்க அறிவித்தல் வந்து அதையும் மீறினால் நீதிமன்றம் போக வேண்டியது அவரில்லை, நாங்கள்.

இப்போது வேறொருவரை வைத்து புதிதாக விண்ணப்பம் தயாராகிறது. மேன்முறையீட்டுக்கு மறுப்புத் தேதியிலிருந்து 6 மாதம் இருக்கிறது, கட்டணமும் இல்லை. ஆனால் கேட்ட அறிக்கைகளே இல்லாத விண்ணப்பத்தை மேன்முறையீட்டை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் முன் கொண்டுபோய்ப் பயனில்லை என்றார் புதியவர். வெறும் கட்டடத்துக்கு வாடகை போய்க்கொண்டிருக்கிறது.

பிளானிங் ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள இந்த நாட்டில் எந்த உரிமமும் தேவையில்லை. ராயல் டவுன் பிளானிங் இன்ஸ்டிடியூட் என்ற தொழில்சார் அமைப்பின் உறுப்பினர் என்றால் முறைப்பாடு செய்யவாவது ஓர் இடம் இருக்கும். எங்கள் ஆள் உறுப்பினர் இல்லை. விண்ணப்பக் கட்டணம் அரசு நிர்ணயித்தது, இங்கிலாந்து முழுவதும் ஒன்றுதான். அதைப் பல மடங்காக்கி "கவுன்சில் ஃபீஸ்" என்று பில் போட்டிருந்தார். பணத்தை நீங்களே நேரே கட்டுங்கள். விண்ணப்ப எண்ணை முதல் நாளே வாங்கி, கிழமைக்கு ஒரு தடவை பதிவேட்டைத் திறந்து பாருங்கள். பெரும்பாலான ஆவணங்களும் எதிர்ப்புகளும் அங்கே எவரும் பார்க்கக்கூடியபடி கிடக்கும். அவர் முன்பு எடுத்துக் கொடுத்ததாகச் சொல்லும் அனுமதிகளின் எண்களையும் கேளுங்கள். எங்களுக்கு அவர் பெருமையாகச் சொன்ன இரண்டையும் இப்போது தேடினோம். ஒன்று மறுக்கப்பட்டது, மற்றது திரும்பப் பெறப்பட்டது.