சைவத் தமாலே: மக்காச்சோளத் தோலா, வாழையிலையா?

மெக்சிகோவின் மத்தியப் பகுதியிலும் வடக்கிலும் தமாலேயை (மக்காச்சோள மாவில் பூரணம் வைத்து மடித்து ஆவியில் வேகவைக்கும் பண்டம்) பெரும்பாலும் மக்காச்சோளக் கதிரை மூடியிருக்கும் தோலை உலர்த்தி அதில் மடிக்கிறார்கள். ஒஹாக்கா, யுகத்தான் போன்ற தென்பகுதிகளில் வாழையிலையும் பரவலான வழக்கம். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்த மக்காச்சோள மாவில், பன்றிக்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெயோ வெண்ணெயோ சேர்த்து, கிள்ளிப் போட்ட சிறு உருண்டை தண்ணீரில் மிதக்கும்வரை அடித்துப் பிசைவது இரண்டுக்கும் பொது.

தோலை வெந்நீரில் அரை மணி நேரமாவது ஊறவைத்து, வழவழப்பான பக்கத்தில் மாவைத் தடவி, சுட்டு உரித்த பொப்லானோ என்னும் காரம் குறைந்த பெரிய மிளகாயின் கீற்றுகளையும் பாலாடைக்கட்டியையும் நடுவில் வைத்து, ஓரங்களை மூடி, கூரிய முனையை மடித்து, திறந்த வாய் மேலிருக்கும்படி நிறுத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவியில் வேகவிடலாம்.

வாழையிலையையோ முதலில் தணலில் வாட்ட வேண்டும். மங்கிய பச்சை பளபளக்கும் கணத்தில் எடுக்காவிட்டால் கருகும், வாட்டாமல் மடித்தால் நரம்போடு கிழியும் (இது நம்மவருக்குப் புதிதன்று). நாற்புறமும் மூடிக்கொள்வதால் ஈரம் உள்ளேயே தங்கி, தமாலே தட்டையாகவும் மிருதுவாகவும் வருகிறது. மோலே போன்ற குழம்புப் பூரணத்துக்கு இலையே ஏற்றது.

முதன்முறை செய்வோருக்கு நான் தோலையே பரிந்துரைப்பேன்; மாவு ஒட்டாமல் தோல் உரிந்து வருவதே வெந்த பதம்.