என் நாவலில் 62 'போல' சேர்த்த பதிப்பகம்

முதல் நாவலை முடித்துவிட்டுப் பதிப்பகம் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிவிட்டேன்.

எழுத நாலரை வருடம் பிடித்தது. மாய யதார்த்த நாவல், அதாவது நடக்கவே முடியாததை அன்றாட விஷயமாகவே சொல்லிப் போவது. தாத்தா இறந்த பிறகும் அவருடைய நிழல் மட்டும் சுவரிலேயே தங்கிவிடுகிறது. வீட்டில் யாரும் அலறுவதில்லை. வெள்ளையடிக்க வருகிறவர் நிழலை விட்டுவிட்டுச் சுற்றிலும் அடிக்கிறார், அந்த இடத்துக்கான கூலியைக் கழித்துக்கொள்கிறார். அவ்வளவுதான்.

மூன்று பதிப்பகங்கள் பதிலே போடவில்லை. நாலாவது இடத்திலிருந்து இரண்டே நாளில் கடிதம்: கைப்பிரதி தேர்வாகிவிட்டது, பாத்திரங்கள் உயிரோட்டமாக இருக்கின்றன. 300 பக்கத்தை இரண்டு நாளில் யார் படித்தார்கள் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. நிழலைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பதும் பிறகுதான் உறைத்தது. எந்த நாவலுக்கும் அனுப்பக்கூடிய கடிதம் அது.

அப்புறம் வந்தது கட்டணப் பட்டியல். எடிட்டிங், அட்டை, விளம்பரம் எல்லாம் சேர்த்து மூன்று தவணை. சொந்தச் செலவில் புத்தகம் போடுவதில் தவறே இல்லை. அச்சகத்துக்கு இவ்வளவு, எடிட்டருக்கு இவ்வளவு என்று தெரிந்து கொடுக்கலாம். இவர்களோ "தேர்வு செய்தோம்" என்று சொல்லிக்கொண்டு முழுச் செலவையும் என் தலையில் கட்டினார்கள். தேர்வு செய்த பதிப்பாளர்தான் முதல் போட வேண்டும், எழுத்தாளருக்கு ராயல்டி தர வேண்டும்.

பணத்தைக்கூட விடுங்கள். எடிட்டிங் என்று செய்த வேலையைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. "நிழல் சுவரில் இருந்தது" என்ற என் வரி "நிழல் சுவரில் இருப்பது போலத் தோன்றியது" ஆகியிருந்தது. இப்படி 62 இடங்களில் 'போல'. ஏழாம் அத்தியாய முடிவில், நான் எழுதவே எழுதாத ஒரு வரி: "பேத்தி திடுக்கிட்டு விழித்தாள். எல்லாம் கனவு." கேட்டதற்கு, வாசகர் குழம்பக்கூடாதாம்.

மாய யதார்த்தம் என்ற சொல்லை 1925-ல் ஜெர்மானியக் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ ஓவியங்களுக்குத்தான் பயன்படுத்தினார். அன்றாடப் பொருள்களைத் துல்லியமாக, நிதானமாக வரைந்ததிலேயே ஒரு விநோதம் வந்துவிடும் ஓவியங்கள். நாவலிலும் அந்த நிதானம்தான் உயிர். கதை சொல்கிறவர் ஒரு தடவை 'போல' என்று தயங்கிவிட்டால் நிழல் செத்துவிடும். இதையெல்லாம் விளக்கி நீளமாக ஒரு கடிதம் எழுதினேன். பதிலாக வந்தது அட்டைப்படம். அதில் ஒரு மந்திரக்கோல்.

என் தப்பும் உண்டு. மெய்ப்புப் பார்க்க 48 மணி நேரம்தான் தந்தார்கள், மாற்றங்களைக் குறித்துக் காட்டாத பிடிஎஃப். முதல் இரண்டு அத்தியாயம் சுத்தமாக இருக்கவே சரி என்று அனுப்பிவிட்டேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். திருத்தங்கள் தெரியும்படி வேர்டு கோப்பாகவே கேளுங்கள். அதில் இரண்டு பிரதிகளை ஒப்பிடும் வசதி இருக்கிறது, ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் காட்டிவிடும். முழுத் தொகையைக் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு அத்தியாயத்தை எடிட் செய்து தரச் சொல்லுங்கள். நிழலைக் கனவாக்குகிறவர் அங்கேயே மாட்டிக்கொள்வார்.

"முதல் பதிப்பு" என்றதும் கட்டுக்கட்டாகப் புத்தகங்களைக் கற்பனை செய்திருந்தேன். ஆர்டர் வந்தால்தான் ஒரு பிரதி அச்சாகுமாம். கடைகளில் புத்தகம் கிடையாது, இருப்பும் கிடையாது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் அவர்கள் பெயரில் இருப்பதால், நாளை வேறு இடத்தில் போட்டால் புது எண் வாங்க வேண்டும்.

ஒப்பந்தத்தில், நாவலை வெளியிடும் உரிமை "பதிப்புரிமைக் காலம் முழுவதும்" அவர்களுக்கே என்று ஒரு வரி இருந்தது. பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கைப்படி அந்தக் காலம் குறைந்தது ஆசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 50 ஆண்டுகளும். அதாவது நான் போன பிறகும் என் நாவல் அவர்கள் சுவரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும். இத்தனை வருடத்துக்குத்தான் உரிமை, விற்பனை நின்றால் உரிமை ஆசிரியருக்குத் திரும்பும் என்று எழுதியிருந்தால் மட்டும் கையெழுத்துப் போடுங்கள்.

உரிமையைத் திருப்பிக் கேட்டுப் போன மாதம் எழுதினேன். இரண்டே நாளில் பதில் வந்துவிட்டது. என் அடுத்த நாவலும் தேர்வாகிவிட்டதாம், கட்டணத்தில் தள்ளுபடி உண்டாம். அடுத்த நாவலை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.